பிரனீஸ் மலையின் ரோமனெஸ்க் சிற்றாலயங்கள்: பொயி, அந்தோரா, கனிகூ – எதைத் தேர்வது?

பிரான்சையும் ஸ்பெயினையும் பிரிக்கும் பிரனீஸ் மலைத்தொடரின் கிழக்குப் பகுதியில், கட்டலான் மொழி பேசும் பள்ளத்தாக்குகள் எங்கும் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் எழுப்பப்பட்ட ரோமனெஸ்க் பாணிச் சிற்றாலயங்கள் பரவிக் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்க நான்கைந்து நாட்களே ஒதுக்க முடிந்தவர் மூன்று பகுதிகளுக்கு நடுவே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஸ்பெயினின் யெய்தா மாகாணத்தில் இருக்கும் பொயி பள்ளத்தாக்கு, தனி நாடாக விளங்கும் அந்தோரா, பிரான்சின் எல்லைக்குள் கனிகூ மலையைச் சுற்றியுள்ள கோன்ஃப்ளான் வட்டாரம் ஆகியவையே அவை. நேர்க்கோட்டில் அளந்தால் இவை ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை; ஆனால் மலைச்சாலைகள் நேர்க்கோட்டில் செல்வதில்லை. மூன்றையும் ஒரே பயணத்தில் அடக்க முயன்றால் நாளின் பெரும்பகுதி வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும் என்பதால், ஒன்றை முதன்மையாகக் கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவதே நல்லது.

ரோமனெஸ்க் என்பது கோத்திக் பாணிக்கு முந்தைய ஐரோப்பியக் கட்டடமுறை. தடித்த கற்சுவர், கையகலச் சாளரம், அரைவட்ட வளைவு, பீடம் அமைந்த கிழக்குக் கோடியில் வெளிப்புறம் புடைத்து நிற்கும் அரைவட்ட மாடம் ஆகியவை அதன் அடையாளங்கள். வட இத்தாலியின் லொம்பார்டி பகுதியில் உருவான கட்டடக் கலைமரபு இந்த மலைகளுக்கு வந்து சேர்ந்தபோது, சுவரின் மேல்விளிம்பில் சிறு வளைவுகளை வரிசையாகக் கோக்கும் அலங்காரமும், மாடி மாடியாக உயரும் சதுர மணிக்கோபுரமும் கூடவே வந்தன. சமவெளி நகரங்கள் பின்னாளில் செல்வம் பெருகியதும் தம் பழைய தேவாலயங்களை இடித்துக் கோத்திக் பாணியிலும் பரோக் பாணியிலும் பெரிதாகக் கட்டிக்கொண்டன. மலையூர்களிடம் அதற்குப் பணம் இல்லை. அவர்கள் அதிகம் போனால் பழைய சுவருக்கு முன்னால் ஒரு மரப் பீட அலங்காரத்தை நிறுத்தினார்கள். அதன் பின்னால் இருந்த ஓவியங்கள் பல நூற்றாண்டுகள் கண்ணில் படாமல் தங்கின. மலைகளில் இவ்வளவு எஞ்சியிருப்பதற்கு வறுமையே பெரிய காரணம்.

இந்த மூன்று பகுதிகளையும் ஒப்பிடுவதற்கு முன் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இச்சிற்றாலயங்களின் புகழ்பெற்ற சுவரோவியங்களில் பெரும்பாலானவை இன்று அவற்றின் சுவர்களில் இல்லை. 1907ஆம் ஆண்டு கட்டலான் ஆய்வு நிறுவனத்தின் சார்பில் கட்டடக் கலைஞர் ஜுசெப் புச் இ கதஃபால்க் தலைமையில் ஒரு குழு இம்மலைகளுக்கு வந்து ஆலயங்களை அளந்தும் படமெடுத்தும் பதிவு செய்தது. அந்தப் பதிவுகளால் ஓவியங்களின் பெருமை உலகுக்குத் தெரிந்தது. கலைப்பொருள் வணிகர்களுக்கும் தெரிந்தது. பிரனீஸ் அடிவாரத்து முர் ஊரின் மரியன்னை ஆலயத்து ஓவியம் விலைபோய் அட்லாண்டிக்கைக் கடந்தது. இன்றும் அது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அதைக் கண்டு விழித்துக்கொண்ட பார்சிலோனாவின் அருங்காட்சியகக் குழு, எஞ்சியவற்றைத் தானே வாங்கி, 1919க்கும் 1923க்கும் இடையில் இத்தாலிய வல்லுநர்களைக் கொண்டு சுவர்களிலிருந்து உரித்தெடுத்தது. ஓவியத்தின் மீது விலங்குப் பசையில் தோய்த்த துணியை ஒட்டி, பசை காய்ந்து இறுகியதும் துணியை உரித்தால், வண்ணப்படலம் அதனோடு கழன்று வந்துவிடும். அப்படிக் கழன்ற ஓவியங்களைச் சுருட்டிக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றி மலையிறக்கினார்கள். அவையே பார்சிலோனாவின் மொன்ஜுயிக் குன்றின் மேல் உள்ள கட்டலோனியத் தேசியக் கலை அருங்காட்சியகத்தின் உயிர்நாடி.

அதைக் குறையாகச் சொல்வோரை நான் கண்டிருக்கிறேன். உரித்தெடுத்திராவிட்டால் அவை பல நாடுகளின் தனியார் சேகரிப்புகளுக்குச் சிதறியிருக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் சுவரும் ஓவியமும் பிரிந்துவிட்டன என்பது உண்மையே. ஆகவே முடிவெடுக்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, நாம் பார்க்க விரும்புவது கட்டடத்தை அதன் மலையோடும் ஊரோடும் சேர்த்தா, ஓவியத்தையா, சிற்பத்தையா என்பதுதான்.

பொயி பள்ளத்தாக்கை நான் முதலிடத்தில் வைக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு தனி ஆலயத்தின் அழகு அன்று. நொகேரா தெ தோர் என்னும் சிற்றாற்றின் இரு கரைகளிலும் சில கிலோமீட்டர் இடைவெளிக்குள், ஒரே காலத்தவையும் ஒரே கைவினை மரபைச் சேர்ந்தவையுமான ஆலயங்கள் நெருங்கி நிற்பது வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காணக் கிடைப்பதில்லை. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இங்குள்ள ஒன்பது ஆலயங்களை ஒரே தொகுதியாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தவூல் ஊரில் இரண்டும், பொயி, எரில் லா வால், பர்ருவேரா, கார்தெத், கோல் ஆகிய ஊர்களில் ஒவ்வொன்றும், துர்ரோவில் ஊர்த் தேவாலயமும் ஊருக்கு மேலே மலைச்சரிவில் தனித்து நிற்கும் புனித கிர்க் சிற்றாலயமும் சேர்ந்தவை இவை. இப்பள்ளத்தாக்கை ஆண்ட எரில் குலத்தார், அரகோன் மன்னனோடு சேர்ந்து தெற்கே முஸ்லிம் அரசுகளின் மீது படையெடுத்துப் பெற்ற செல்வத்தைக் கொண்டே இவ்வளவு ஆலயங்கள் எழுந்தன என்று வரலாற்றாளர்கள் கூறுகின்றனர்.

தவூலின் புனித கிளமெந்து தேவாலயம் ஊருக்கு வெளியே, புல்வெளி ஓரத்தில் நிற்கிறது. ஆறு மாடி உயரமுள்ள அதன் மணிக்கோபுரம் மேலே செல்லச் செல்லச் சாளரங்களை அகலமாகத் திறந்துகொண்டு போகிறது. 1123ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் ரோதா மறைமாவட்டத்தின் ஆயர் ரமோன் இந்த ஆலயத்தை அர்ச்சித்தார், அதாவது வழிபாட்டுக்கெனப் புனிதப்படுத்தினார் என்று உள்ளே ஒரு தூணில் தீட்டப்பட்ட எழுத்துகள் அறிவித்தன. மறுநாளே அதே ஆயர் ஊரின் நடுவில் உள்ள மரியன்னை தேவாலயத்தையும் அர்ச்சித்தார். ஒரு சிற்றூரில் அடுத்தடுத்த நாட்களில் இரண்டு தேவாலயங்கள் அர்ச்சிக்கப்பட்டதை எண்ணும்போது, அன்றைய மலைச் சமூகம் நாம் நினைப்பதைப் போல ஒதுங்கிக் கிடந்த ஒன்றாக இருந்திருக்க முடியாது என்றே தோன்றுகிறது.

புனித கிளமெந்து ஆலயத்து மாடத்தில் இருந்த கிறிஸ்துவின் உருவம்தான் இன்று கட்டலான் ரோமனெஸ்க் கலையின் முகம் என்று சொல்லத்தக்கது. 'உலகின் ஒளி நானே' என்று இலத்தீனில் எழுதிய நூலை இடக்கையில் ஏந்தி, வலக்கையை உயர்த்தி ஆசி வழங்கும் அந்த உருவத்தின் மூலம் பார்சிலோனாவில் இருக்கிறது. பல காலம் இங்கே ஒரு நகல் ஓவியம் இருந்தது. அதை நீக்கிவிட்டு, அடியில் தங்கியிருந்த மூல ஓவியத்தின் எச்சங்களைத் துப்புரவு செய்து, 2013ஆம் ஆண்டு முதல் சுவரின் மீதே ஒளிப்படக் காட்சியாக முழு ஓவியத்தையும் விழச் செய்கிறார்கள். இக்காட்சி கோடு கோடாகத் தொடங்கி, வண்ணம் வண்ணமாக நிறைந்து, முடிவில் மாடம் முழுவதும் 12ஆம் நூற்றாண்டுத் தோற்றத்துக்குத் திரும்புகிறது. இதைக் கண்கட்டு வித்தை என்று ஒதுக்கிவிடக் கூடாது. வளைந்த சுவரில், ஏறக்குறைய இருட்டான இடத்தில், கீழிருந்து நிமிர்ந்து பார்க்கும்போது அந்த உருவத்தின் கண்கள் எப்படி ஆளை நிறுத்திவைக்கின்றன என்பதை இங்கேதான் உணர முடியும். அதில் உள்ள நீலம், ஏரினைட் என்னும் பிரனீஸ் மலைக் கனிமத்திலிருந்து எடுத்தது. தொலைநாட்டு விலையுயர்ந்த கற்பொடி இல்லாமல் உள்ளூர்க் கல்லைக் கொண்டே ஓவியர் இந்த நீலத்தைத் தீட்டியிருக்கிறார்.

எரில் லா வாலில் புனித யூலாலியா ஆலயத்தின் கோபுரமும் ஆறு மாடி கொண்டது. மெலிவிலும் ஒழுங்கிலும் தவூல் கோபுரத்தை அது மிஞ்சுகிறது என்பது என் கருத்து. இங்கே 1907இல் கண்டெடுக்கப்பட்ட, கிறிஸ்துவைச் சிலுவையிலிருந்து இறக்கும் காட்சியின் ஏழு மரச்சிற்பங்களில் ஐந்து விக் நகரின் ஆயர் அருங்காட்சியகத்திலும், மரியாளும் யோவானும் பார்சிலோனாவிலும் இருக்கின்றன. ஆலயத்தில் நகல்கள் நிற்கின்றன. பொயி ஊரின் புனித யோவான் ஆலயத்தில் புனித ஸ்தேவானைக் கல்லெறிந்து கொல்லும் காட்சி முதலியவற்றின் நகல்களைச் சுவரில் தீட்டியிருப்பதோடு, வெளிச்சுவர்கள் முற்காலத்தில் காரை பூசி வெள்ளையடிக்கப்பட்டிருந்ததையும் நினைவூட்டுகிறார்கள். இன்று நாம் ரசிக்கும் வெறுங்கல் தோற்றம் பிற்காலத்து ரசனை. கார்தெத் ஆலயம் செங்குத்தான சரிவில் கட்டப்பட்டதால் மாடத்தின் அடியில் ஒரு நிலவறை அமைந்தது; இப்பள்ளத்தாக்கின் மற்ற ஆலயங்களில் அது இல்லை. பர்ருவேராவையும் கோலையும் நேரம் இருந்தால் பார்க்கலாம்.

இவற்றை நடந்து பார்க்க முடியும் என்பதே பொயியின் தனிச்சிறப்பு. தவூலிலிருந்து பொயிக்கும், அங்கிருந்து ஆற்றைக் கடந்து எரில் லா வாலுக்கும் பழைய ஒற்றையடிப் பாதைகள் செல்கின்றன. நடந்துகொண்டே திரும்பிப் பார்த்தால் ஒரு கோபுரத்திலிருந்து அடுத்தது தெரிகிறது. மணியோசைக்கு மட்டுமல்லாமல், பள்ளத்தாக்கைக் கண்காணிப்பதற்கும் அடையாளம் காட்டுவதற்கும் இக்கோபுரங்கள் பயன்பட்டன என்ற விளக்கம் அந்தப் பாதையில் நடப்பவருக்கு எளிதாக விளங்குகிறது. துர்ரோவிலிருந்து மேலேறிப் புனித கிர்க் சிற்றாலயத்தை அடைந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரிகிறது. கோடையின் நீண்ட பகல் வரும் ஜூன் மாதத்தில், எரியும் தீப்பந்தங்களைத் தோளில் சுமந்து மலையிறங்கும் விழா இந்தச் சிற்றாலயத்தின் அருகிலிருந்தே தொடங்குகிறது. பிரனீஸ் மலையூர்கள் பலவற்றில் நடக்கும் இந்தத் தீ விழாக்கள் 2015இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றன.

அந்தோராவின் வாதம் வேறு. 468 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்நாட்டில் சுமார் நாற்பது ரோமனெஸ்க் ஆலயங்கள் உள்ளன. தலைநகரில் தங்கிக்கொண்டு உள்ளூர்ப் பேருந்துகளிலேயே முக்கியமானவற்றை எட்டிவிடலாம். ஆலயங்கள் பொயியில் இருப்பவற்றைவிடச் சிறியவை, எளியவை. புனித கொலோமா ஆலயத்தின் மணிக்கோபுரம் வட்ட வடிவில் அமைந்தது. இங்கே அந்த வடிவம் அரிது. அதன் ஓவியங்கள் 1930களில் உரிக்கப்பட்டு, நாஜிகள் கையில் சிக்கி, நெடுங்காலம் ஜெர்மனியில் இருந்தன. 2007இல் அந்தோரா அரசு அவற்றை விலைகொடுத்து மீட்டு, இன்று ஆலயத்துக்கு மிக அருகிலேயே ஒரு காட்சிக்கூடத்தில் வைத்திருக்கிறது. சுவரையும் ஓவியத்தையும் ஒரே நடையில் பார்க்கும் வாய்ப்பு இங்கே கிடைக்கிறது. பொயியில் அது இல்லை.

கனில்லோ அருகே உள்ள புனித யோவான் ஆலயத்தில், சுண்ணச்சாந்தில் வடித்த கிறிஸ்துவின் உருவத்தைச் சுற்றிச் சிலுவைக் காட்சி சுவரில் தீட்டப்பட்டிருக்கிறது. உடைந்து சிதறிக் கிடந்த அந்த உருவத்தை 1963இல் சீரமைப்பின்போது கண்டெடுத்துத் துண்டுகளை ஒன்றுசேர்த்து அதன் இடத்திலேயே பொருத்தினார்கள். லா கோர்தினாதாவின் புனித மார்ட்டின் ஆலயத்திலும் 12ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் சுவரிலேயே உள்ளன. ஆக, இடம்பெயராத ஓவியமே வேண்டும் என்பவர் அந்தோராவை எளிதில் தள்ளிவிட முடியாது. எங்கோலஸ்தெர்ஸ் மேட்டில் உள்ள புனித மிக்கேல் ஆலயம், தன் உடலுக்குப் பொருந்தாத உயரத்தில் ஒரு கோபுரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பது தனி அழகு. அதன் ஓவியங்கள் பார்சிலோனாவுக்குப் போய்விட்டன. ஆனால் ஆலயத்துக்கும் ஆலயத்துக்கும் இடையே கடைத்தெருக்களும் விடுதிகளும் வாகன நெரிசலும் வந்துவிட்டன. கதவைத் திறந்து உள்ளே நுழையும்போது கிடைக்கும் அமைதி, வெளியே வந்த கணமே கலைந்துவிடுகிறது. சுற்றுப்புறத்தையும் ஆலயத்தின் ஒரு பகுதியாகக் கருதுபவருக்கு இது சிறிய இழப்பு அன்று.

கனிகூ பக்கத்தில் சிற்றாலயங்களைவிட மடங்களே முதன்மை. 2,784 மீட்டர் உயரமுள்ள கனிகூ சிகரத்தின் சரிவில், பாறை முனை ஒன்றின் மேல், செர்தான்யா நாட்டுக் கோமகன் இரண்டாம் கிஃப்ரே 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித மார்ட்டின் மடத்தை எழுப்பினார். பின்னர் ஆட்சியைத் துறந்து அங்கேயே துறவியாகி 1049இல் இறந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு ஆலயங்கள் இதில் உள்ளன. கீழ் ஆலயத்தின் தாழ்ந்த வளைவுக் கூரைக்கடியில் நின்றால், கட்டடம் முழுவதும் கல்லால் கூரை வேயத் துணிந்த தொடக்கக் காலக் கொத்தர்களின் உறுதி புலப்படும். 1428 நிலநடுக்கத்தில் சேதமுற்று, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கைவிடப்பட்டுப் பாழான இம்மடத்தை, 1902 முதல் பெர்ப்பிஞான் ஆயர் கர்சலாத் தூ போன் மீட்டெடுத்தார். சுற்றுவட்டாரத்தில் சிதறிப்போன தூண்தலைப்புகளைத் தேடித் திரட்டி முற்றத்தை மறுபடி அமைத்தார். கஸ்தெய் ஊரிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தை முக்கால் மணி நேரம் நடந்து ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். இன்றும் துறவுக் குழு ஒன்று வாழும் இடமாதலால், குறித்த நேரங்களில் வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே செல்லலாம்.

கீழே பிராத் நகருக்கு அருகில் உள்ள புனித மிக்கேல் கூஷா மடம் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. லாட வடிவ வளைவுகள் கொண்ட அதன் ஆலயம் ரோமனெஸ்குக்கும் முந்தைய நிலையைக் காட்டுகிறது. வெனிஸ் குடியரசின் தலைவர் பியெத்ரோ ஒர்சியோலோ 978இல் பதவியைத் துறந்து இங்கே வந்து துறவியானார். இம்மடத்து முற்றத்தின் தூண்தலைப்புகளில் ஒரு பெரும்பகுதி நியூயார்க்கின் கிளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எஞ்சியவற்றைக் கொண்டு முற்றத்தின் ஒரு பகுதியை இங்கே மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் சிற்பத்துக்காகவே கோன்ஃப்ளான் செல்பவர் தவறவிடக் கூடாதது, கிழக்கே ஆஸ்ப்ர் குன்றுகளில் காட்டின் நடுவே இருக்கும் செர்ரபோன் மடம்தான். வெளியே கறுத்த கற்பலகைச் சுவர் கடுமையாக நிற்கிறது; உள்ளே நுழைந்தால் இளஞ்சிவப்புச் சலவைக்கல்லில் குடைந்த பாடகர் மேடை. சிங்கங்களும் கழுகுகளும் இதழ் விரித்த மலர்களும் அத்தனை கூர்மையோடு தெரிகின்றன. பொயி, அந்தோரா இரண்டிலும் இதற்கு ஈடான கற்சிற்பம் கிடையாது. அங்கே செல்லும் சாலை குறுகலானது. சொந்த வண்டி இல்லாமல் செர்ரபோனை எட்டுவது கடினம்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை, வண்டி ஓட்டாதவருக்குக் கோன்ஃப்ளான் மிகவும் ஏற்றது. பெர்ப்பிஞானிலிருந்து பிராத் வழியாக வில்ஃபிரான்ஷ் வரை ரயில் செல்கிறது. அங்கிருந்து 'மஞ்சள் ரயில்' என்னும் மின்சார மலை ரயில் 63 கிலோமீட்டர் தூரம் மேட்டுநிலத்தைக் கடந்து லதூர் தெ கரோல் வரை போகிறது. வழியில் பிளானேஸ் ஊரில், முக்கோண அடித்தளத்தின் மேல் கட்டப்பட்ட விந்தையான சிற்றாலயம் ஒன்று உண்டு. அந்தோராவில் ரயிலும் இல்லை, விமான நிலையமும் இல்லை. பார்சிலோனா, துலூஸ் நகரங்களிலிருந்து பேருந்தில் செல்லலாம். பார்சிலோனாவிலிருந்து வருபவர், வழியில் இருக்கும் லா செவ் துர்ஜெல் ஊரின் ரோமனெஸ்க் பேராலயத்தில் இறங்கிச் செல்வது நல்லது. பொயிக்குப் பார்சிலோனாவிலிருந்து வண்டியில் நான்கு மணி நேரம் ஆகிவிடும். பேருந்தில் போவதானால் யெய்தாவில் மாறி, போன் தெ சுவெர்த் வழியாகச் செல்ல வேண்டும். நாளொன்றுக்குச் சில பேருந்துகளே ஓடுகின்றன.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் செல்ல இடம் தரும் ஷெங்கன் பகுதியைச் சேர்ந்ததன்று அந்தோரா. அதற்குள் செல்லத் தனி விசா தேவையில்லை. ஆனால் அங்கிருந்து ஸ்பெயினுக்கோ பிரான்சுக்கோ திரும்புவது மறுநுழைவாகக் கருதப்படும். ஆகவே ஒருமுறை நுழைவதற்கான விசாவோடு அந்தோராவுக்குள் போகக் கூடாது. பலமுறை நுழையும் விசாவைக் கேட்டுப் பெற்ற பிறகே அதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். பொயிக்கும் கனிகூவுக்கும் இந்தச் சிக்கல் இல்லை.

பருவம் மூன்றுக்கும் பொதுவான கட்டுப்பாடு. தவூல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாட்டுக்காரர்களுக்கே உகந்தது. நடைபாதைகள் பனிக்கடியில் போய்விடும். கோடை நடுவில் கூட்டம் மிகுதி. ஜூன் அல்லது செப்டம்பர் மாதத்தைத்தான் நான் பரிந்துரைப்பேன். பெரிய ஆலயங்கள் கட்டணத்தோடு ஒழுங்காகத் திறந்திருக்கும். சிறியவை எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. பொயியில் எரில் லா வாலில் உள்ள ரோமனெஸ்க் மையத்தில் முதல் நாளே அந்த வாரத்துக்குரிய நேரங்களைக் கேட்டறிந்துகொண்டு, அதற்கேற்ப நடையைத் திட்டமிடுவது அலைச்சலைக் குறைக்கும். இவற்றில் பலவற்றில் இன்றும் திருப்பலி நடக்கிறது. வழிபாட்டு நேரத்தில் படமெடுக்கச் செல்லாமல் காத்திருப்பதே முறை.

பொயியைத் தேர்ந்தெடுத்தால் பார்சிலோனா அருங்காட்சியகத்தை முதலில் பார்ப்பதா, கடைசியில் பார்ப்பதா என்ற கேள்வி எழும். முதலில் பார்த்துவிட்டுப் போகுமாறு பலர் அறிவுறுத்துவார்கள். நான் அதற்கு மாறாகச் சொல்வேன். அருங்காட்சியகத்தின் அகன்ற, ஒளி நிறைந்த கூடத்தில் ஓவியத்தைக் கண்டபின் தவூலுக்குச் சென்றால், ஆலயம் எதையோ பறிகொடுத்த வெறுங்கூடாகத்தான் தோன்றும். பள்ளத்தாக்கை முதலில் நடந்து, ஆலயத்தின் சிறுமையையும் இருளையும் குளிரையும் உடலால் அறிந்து, பிறகு அருங்காட்சியகத்துக்கு வந்தால், அங்கே மரச்சட்டத்தின் மேல் வளைத்து நிறுத்தியிருக்கும் மாடத்துக்குள் அந்தச் சுவரையும் மலையையும் நம் மனமே சேர்த்துக்கொள்ளும். ஓவியத்தின் அளவும் அப்போதுதான் சரியாகப் பிடிபடும்.

ஆகவே நான்கு நாட்கள் உள்ளவர், நடக்க முடிந்தவர், வண்டி ஓட்டத் தெரிந்தவர், மூன்று நாட்களைப் பொயிக்கும் கடைசி நாளைப் பார்சிலோனா அருங்காட்சியகத்துக்கும் கொடுக்கலாம். கற்சிற்பத்தில் ஈடுபாடு உள்ளவரும் ரயிலை நம்பிப் பயணம் செய்பவரும் வில்ஃபிரான்ஷில் தங்கிக் கனிகூ மடத்தையும் கூஷாவையும் பார்த்து, செர்ரபோனுக்கு மட்டும் ஒரு நாள் வாடகை வண்டி அமர்த்திக்கொள்ளலாம். முதியோரையோ குழந்தைகளையோ அழைத்துச் செல்பவருக்கு, ஆலயங்கள் சாலையோரத்திலேயே இருப்பதாலும் தங்கும் வசதி நிறைந்திருப்பதாலும் அந்தோராவே பொருந்தும். புனித கொலோமா, புனித யோவான், லா கோர்தினாதா ஆகிய மூன்றையும் இரண்டு நாட்களில் அவசரமின்றிப் பார்த்துவிடலாம். அப்படிச் செல்வோர் ஆலயங்கள் திறக்கும் நாட்களைச் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே விடுதிக்குப் பணம் கட்ட வேண்டும். கோடை தவிர்ந்த மாதங்களில் அவற்றுள் சில பூட்டியே இருக்கும்.